டகோட்டா ஓட்டிய பஸ்

இந்தியாவில் எத்தனையோ ஆயிரம் பஸ் டிரைவர்கள் இருந்திருப்பார்கள். பயணிகளை எடை பார்த்து உட்கார வைத்த டிரைவர் ஒருவர்தான். அவர் ஓட்டிய பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியான பதவி இன்றுவரை அது ஒன்றுதான்.

தஞ்சாவூரில் புறப்பட்டு, பூதலூர் போய், அங்கிருந்து ஆற்றங்கரையோடு உள்ளே நுழைந்து ஒரு கிராமத்தில் முடியும் ரூட் அது. கடைசி ஊரின் பெயரை எழுதினால் இப்போதும் இரண்டு தரப்பிலிருந்தும் என்னைத் தேடிக்கொண்டு ஆள் வரும். அதனால் கடைசி ஊர் என்றே வைத்துக்கொள்வோம். கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, கூலி உயர்வு என்று ஊருக்கு ஊர் சண்டை. வயலில் ஆரம்பிக்கும் சண்டை மதகில் வளர்ந்து, கடைசியில் எங்கள் பஸ்ஸில் வந்து டிக்கெட் வாங்கும்.

பழைய டிரைவர் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் லாரி ஓட்டப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக எங்கள் முதலாளி ஒருநாள் காலையில் ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி. மீசையே இல்லாத மொழுமொழு முகம். வைகாசி வெயிலில் தோல் சட்டை.

"எங்க பெரியப்பா மகன். பிளேன் ஓட்டுனவரு" என்றார் முதலாளி.

"பிளேன் ஓட்டுனவரு எதுக்கு சார் பஸ் ஓட்டணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"பிளேனை வித்துட்டாங்க" என்றார் அவரே.

அவர் ஓட்டியது டகோட்டா என்ற பழைய ரக விமானம். இரண்டு எஞ்சின், வாலைத் தரையில் வைத்துக்கொண்டு மூக்கைத் தூக்கி நிற்கும். அதில் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு அஸ்ஸாம் பக்கத்து மலைகளுக்கு மேலே பறந்தவர். கம்பெனி திவாலானது, விமானம் பழைய இரும்புக்குப் போனது, மனிதர் தஞ்சாவூருக்கு வந்தார். ஒரே வாரத்தில் அவர் பெயரும் டகோட்டா ஆகிவிட்டது.

வண்டி எடுப்பதற்கு முன் பஸ்ஸை மூன்று முறை சுற்றுவார். டயரை உதைப்பார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பார், மேலே ஏறி லக்கேஜ் கயிற்றைக் கட்டைவிரலால் அழுத்துவார். முதல் நாள் ஒரு அம்மாள் அவர் ஏதோ வேண்டுதலாகச் சுற்றுகிறார் என்று நினைத்து, பின்னாலேயே பயபக்தியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறினார். சுற்றி முடித்ததும் டகோட்டா சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் என்னைக் கேட்பார்:

"கட்டு சரியா?"

"ரைட் சார்!" என்றேன் முதல் நாள். வண்டி நகரவில்லை.

"ரைட்டும் வேணாம், லெஃப்டும் வேணாம். கட்டு சரியா இல்லையா?"

"கட்டு சரி சார்."

அதற்கப்புறம்தான் கியர் விழும். நாளாவட்டத்தில் தொண்டை கிழிய "போலாம் ரைட்" என்று கத்தும் சுகமே எனக்கு மறந்துபோயிற்று.

பூதலூரில் டீக்கடை நிறுத்தம். அங்கே அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். "பிளேன்ல மிட்டாய் குடுப்பாங்களாமே சார்?" என்று யாராவது ஆரம்பித்து வைப்பார்கள்.

"மூட்டைக்கு எதுக்குய்யா மிட்டாய்?" என்பார் டகோட்டா. "நான் ஓட்டுனது கார்கோ. பாசஞ்சர் பிளேன் ஓட்டுறவன் கல்யாண வீட்டுக்காரன். வாங்க வாங்கன்னு வாசல்ல நின்னு சிரிக்கணும். மைக்குல வணக்கம் சொல்லணும். வலது பக்கம் ஆறு தெரியுது, இடது பக்கம் மலை தெரியுதுன்னு கதை சொல்லணும். நான் சமையக்கட்டு ஆளு. அண்டா சாயாம இருந்தா எனக்குப் போதும்."

"அப்ப உங்க வேலை சுலபம்தானே சார்? மூட்டை வாந்தி எடுக்காது, குத்தம் சொல்லாது."

இப்படிச் சொன்னவர் கதி அதோகதி. டகோட்டா டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

"பாசஞ்சர் தானா நடந்து வந்து ஏறுவான், தானா உக்காருவான், தானா பெல்ட்டு போடுவான். மூட்டை நாம வெச்ச இடத்துலதான் உக்காரும். தப்பா வெச்சா தப்பாத்தான் உக்காரும். பாசஞ்சருக்குப் பயம் வந்தா கத்துவான். மூட்டை கத்தாது. அது கத்தாததுக்கும் சேத்து நாமதான் பயப்படணும். தெரியுமா?"

ஒரு தடவை மலைக்கு மேலே போகும்போது கயிறு அறுந்து, பீப்பாய்கள் உருண்டு வால் பக்கம் போய்விட்டனவாம். பின்பாரம் ஏறியதும் விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தது, தான் குலதெய்வத்தைப் பார்த்ததாகச் சொல்வார். கூட வந்தவர் பீப்பாய்களை ஒவ்வொன்றாக முன்னால் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த பிறகுதான் மூக்கு இறங்கியதாம். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார்.

"நீங்க பாசஞ்சர் பிளேன் ஓட்டுனதே இல்லையா சார்?"

"ஒரே ஒரு தடவை. ஆள் இல்லைன்னு என்னை அனுப்புனாங்க. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு. பொண்டாட்டிய முன்னாடியும் புருஷனை வாலுலயும் உக்கார வெச்சேன். எடைன்னா எடைதானே? எறங்கும்போது மூட்டையை எறக்குற மாதிரி சர்ருன்னு எறக்குனேன். மறுநாளே என்னைக் கார்கோவுக்கு அனுப்பிட்டாங்க. அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எடை விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் ஆற்றங்கரை ரோடு மழை பெய்தால் ரோடாக இருக்காது. களிமண்ணில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்போதெல்லாம் நான் விசில் ஊதுவேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஆணும் பெண்ணும் இறங்கிச் சேற்றில் நின்று தள்ளுவார்கள். சீட்டில் உட்கார்ந்திருக்கும் கனவான்கள் இறங்க மாட்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் தள்ளவேண்டும்.

டகோட்டா இதை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் நாள் பூதலூர் ரைஸ் மில்லிலிருந்து மூட்டை போடும் தராசு ஒன்றைக் கொண்டுவந்து பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "ஒவ்வொருத்தரா ஏறி நின்னுட்டு அப்புறம் வண்டியில ஏறுங்க" என்றார். விஷயம் கேள்விப்பட்டு முதலாளி வேட்டி அவிழ ஓடிவந்து, தராசைத் தானே தலையில் தூக்காத குறையாகத் திருப்பி அனுப்பினார்.

தராசு போனால் என்ன? அவர் கண்ணே தராசு. ஒருவரைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார், "அறுபத்தி நாலு" என்பார். சந்தேகப்பட்டு மில்லுக்குப் போய் ஏறிப் பார்த்தவர்கள் அதே எண்ணோடு திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் பஸ்ஸில் யாருக்கும் பெயர் கிடையாது. நான் அம்பத்தொண்ணு. "அம்பத்தொண்ணு, கதவைச் சாத்து" என்பார். கனமானவர்கள் பின்சக்கரத்துக்கு மேலே, இளைத்தவர்கள் முன்னால். இதுதான் சட்டம்.

கேட்க எளிய சட்டம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் யார் இளைத்திருந்தார்கள், யார் கனத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த கூலிக்காரப் பெண்களெல்லாம் முன்னால் வந்து உட்காரவேண்டியதாயிற்று. "முன்னாடியா? நாங்களாங்க?" என்று அவர்கள் படியிலேயே நின்றார்கள்.

"எடை கம்மி. முன்னாடி போங்க" என்றார் டகோட்டா. அவ்வளவுதான். அந்த மனிதருக்கு அரசியலும் தெரியாது, ஜாதியும் புரியாது. பின்சக்கரம் சுற்றக்கூடாது, அது ஒன்றுதான் தெரியும்.

முன்சீட்டு என்பது கடைசி ஊர் மிராசுதாருடைய சீட்டு. டிரைவருக்கு இடதுபுறம், ஆற்றைப் பார்த்த தனி சீட்டு. காலையில் அவருடைய ஆள் வந்து அதில் ஒரு துண்டை விரித்துவிட்டுப் போவான். மிராசுதார் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் துண்டு தஞ்சாவூர் வரைக்கும் உட்கார்ந்துகொண்டு போகும். எத்தனை பேர் நின்றாலும் சரி, துண்டு மேல் கை வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

டகோட்டா துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "கால் கிலோ தேறாது. இதுக்கு ஒரு சீட்டா?" என்று மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நாப்பத்திரண்டு, இங்க வந்து உக்காரு" என்றார்.

நாப்பத்திரண்டு என்பது செல்லம்மா. புருஷனை இழந்தவள், ஒற்றை ஆளாக நின்று சாகுபடி செய்கிறவள். அவள் பயிரிட்ட மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், அதே மிராசுதாருடையது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் அவள் மனுப் போட்டிருந்தாள். "இவ புருஷன் என்கிட்ட கூலிக்கு இருந்தவன். குத்தகையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று மிராசுதார் எதிர்மனுப் போட்டிருந்தார். அப்படிப்பட்ட செல்லம்மா அவர் சீட்டில், சீட்டின் நுனியில், பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்கும்போது மிராசுதார் குடையோடு வந்து ஏறினார்.

அவள் பதறி எழுந்தாள். "எந்திரிக்காத, லோடு கெட்டுரும்" என்றார் டகோட்டா.

"யோவ் டிரைவர், அது என் சீட்டு!"

"உங்க உடம்புக்கு இங்க சீட்டு இல்லைங்க. தொண்ணூத்தி ரெண்டு இருப்பீங்க. பின்சக்கரத்துக்கு மேல உக்காருங்க. உங்களாலதாங்க வண்டியே நகரணும்."

பஸ்ஸில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். மிராசுதார் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் சாமந்தி மாலையோடு வந்துவிட்டார். "நிலப்பிரபுத்துவத்தை முன்சீட்டிலிருந்து இறக்கிய..." என்று ஆரம்பித்து மாலையைப் போட்டார். டகோட்டா மாலையைக் கழற்றி ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டுத் தோழரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்பத்தி ஒண்ணு. பின்னாடி போங்க."

"தோழர், நான் உழைக்கும் மக்களோட..."

"உழைக்குறவங்க எல்லாம் அம்பதுக்குள்ள இருக்காங்க. நீங்க பின்னாடி."

அடுத்த நிறுத்தத்தில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் கரைவேட்டியோடு ஏறினார். அவரும் எண்பதுக்குக் குறையாதவர். அவரும் பின்சீட்டு. ஜென்மப் பகையாளிகளான இரண்டு பேரும் ஒரே சீட்டில் தோளோடு தோள் இடித்து, பள்ளம் வந்தால் ஒன்றாகக் கூரைவரை போய் ஒன்றாக இறங்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸை யாரும் தள்ளவேண்டி வரவில்லை.

மிராசுதார் சும்மா இருப்பாரா? முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். பஸ்களையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று முதலாளிகள் பயந்துகொண்டிருந்த சமயம். "இன்னொரு புகார் வந்தா சாவியைக் குடுத்துட வேண்டியதுதான் அண்ணே. எனக்கு வேற வழி இல்ல" என்று முதலாளி டகோட்டாவிடம் கைகூப்பிச் சொன்னார். டகோட்டா, "பின்சக்கரம் சுத்தினா உன் ரப்பர்தான் தேயும்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கார்த்திகை வந்தது. அடைமழை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

அன்று காலை தாலுகா ஆபீஸில் செல்லம்மாவின் மனு விசாரணை. போன வாய்தாவுக்கு அவளால் போக முடியவில்லை. வெள்ளத்தில் பஸ்ஸே ஓடாத நாள் அது. இந்தத் தடவையும் ஆஜராகவில்லை என்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் வயலில் நிற்கும் சம்பாப் பயிரோடு நிலமும் போய்விடும். அவளுக்கு வக்கீல் கிடையாது. அவள்தான் வக்கீல், அவள்தான் சாட்சி. மிராசுதாருக்கு வக்கீல் தஞ்சாவூரிலேயே தயாராக இருந்தார்.

மிராசுதாரின் கார் அந்தச் சேற்றில் இறங்காது. அதனால் மாதக்கணக்கில் பஸ் பக்கமே வராதவர் அன்று விடியும்போதே வந்து, துண்டைத் தானே விரித்து, முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டவுனில் இருக்கும் மகள் வீட்டுக்கு எட்டு மூட்டை நெல்லும் மேலே ஏறியிருந்தது. தன் தலைக்கு நேர் மேலேயே இருக்கவேண்டும் என்று மூட்டைகளைக் கூரையின் முன்பக்கம் அடுக்கச் சொல்லியிருந்தார். வழக்கம்போல லக்கேஜ் டிக்கெட் வாங்கவில்லை.

டகோட்டா வந்து பார்த்தார். "பின்னாடி போங்க."

"நான் டிக்கெட் வாங்குன பாசஞ்சர். எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும். வண்டியை எடு. இல்லைன்னா சாவியை வெச்சிட்டுப் போ."

செல்லம்மா படிக்கட்டுக்குப் பக்கத்தில் மனு நகலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்ன நினைத்தாரோ, டகோட்டா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பாதி வழியில், மதகுக்குப் பக்கத்தில், கரை உள்வாங்கிய இடத்தில் பஸ் நின்றுவிட்டது. பின்சக்கரம் சுற்றியது. முன்பக்கம் மூட்டையும் மிராசுதாரும் அழுத்த, வண்டி மெதுவாக ஆற்றுப் பக்கம் சாயவும் ஆரம்பித்தது. முன்பு தள்ளிப் பழகியவர்கள் இறங்கப் போனார்கள்.

"யாரும் எறங்கக்கூடாது!" என்று டகோட்டா கத்தினார். "சறுக்குனா வண்டி உங்க மேலதான் வரும். எல்லாரும் பின்னாடி போங்க."

எல்லோரும் பின்னால் போய், பின்சீட்டில் இருந்த தோழரையும் கிளைச் செயலாளரையும் நெருக்கியடித்து நின்றார்கள். சக்கரம் கொஞ்சம் பிடித்து, மறுபடியும் வழுக்கியது. முன்சீட்டில் மிராசுதார் ஒருவர்தான் பாக்கி.

"ஐயா, நீங்களும் எந்திரிச்சுப் பின்னாடி வாங்க. வண்டி ஏறிரும்."

மிராசுதார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நிதானமாக ஒரு வெற்றிலையைத் தொடையில் துடைத்தார். "நான் எந்திரிக்கிறதா இல்ல" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பஸ் இங்கேயே நின்றால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வக்கீல் பார்த்துக்கொள்வார். செல்லம்மாவுக்குத்தான் எல்லாம் போகும். அவருக்கும் இது அந்த நிமிஷத்தில்தான் புரிந்திருக்கவேண்டும். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

செல்லம்மா, "ஐயா, உங்க கால்ல வேணா விழறேங்க" என்றாள். அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து தோழர், "மிராசுதார் ஒழிக!" என்று முழங்கினார்.

"கோஷம் போட்டா எடை கூடாது, உக்காருய்யா!" என்றார் டகோட்டா.

அவர் மிராசுதாருக்கு எதிரே வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷம் மூட்டை ஏத்தியிருக்கேன். ஒரு மூட்டைகூட மாட்டேன்னு சொன்னதில்ல. நீங்க பாசஞ்சர். மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க எங்க உக்காரணும்னு நான் சொல்ல முடியாது. சரிதானே?"

"அதான் சொல்றேன்" என்றார் மிராசுதார்.

"ஆனா மூட்டை எங்க உக்காரணும்னு நான்தான் சொல்லுவேன். அம்பத்தொண்ணு, மேல ஏறு! மூட்டையெல்லாம் உள்ள எறக்கு!"

கொட்டும் மழையில் நான் ஏணியில் ஏறினேன். இரண்டு பேர் கூட வந்தார்கள். தார்ப்பாயை விலக்கி முதல் மூட்டையை ஏணி வழியாக இறக்கினோம். உள்ளே வாங்கிப் பின்சக்கரத்துக்கு மேலே போட்டார்கள்.

மிராசுதாரின் வெற்றிலை கீழே விழுந்தது. "யாருடா அது? என் நெல்லைத் தொடாதே!"

"லக்கேஜ் டிக்கெட் இல்லைங்களே. யார் நெல்லுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார் டகோட்டா.

செல்லம்மா மூட்டையின் தைத்த வாயைத் தடவிப் பார்த்தாள். "இது என் வயல்ல வெளஞ்ச குறுவை நெல்லுங்க. நான்தான் சாக்குல போட்டுத் தச்சேன்."

"உன் வயலா?" மிராசுதார் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி உறுமினார். "நீ அளந்த குத்தகை நெல்லுடி அது! குத்தகை நெல்லு எனக்குத்தான் சேரும்! வருஷா வருஷம் வாங்குறேன், யாரு இல்லைன்னா?"

பின்சீட்டில் தோழரும் கிளைச் செயலாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் ஒரே நேரத்தில் வந்தது அன்றுதான். குத்தகையே இல்லை என்று மனுப் போட்டவர், நிறைந்த பஸ்ஸில் குத்தகை நெல் என்று கூவிவிட்டார். அது அவருக்கும் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

டகோட்டாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவே இல்லை. "யார் வெளைச்சிருந்தாலும் எடை ஒண்ணுதான். சீக்கிரம் அடுத்த மூட்டை" என்று அதட்டிக்கொண்டிருந்தார். எட்டு மூட்டையும் உள்ளே வந்தது. கயிறு போட்டு இறுக்கி, ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மிராசுதாரைத் தாண்டிப் போகும்போது, "அசையாம உக்காருங்க, ஆத்துப் பக்கம் இருக்கீங்க" என்றார். அவர் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கட்டு சரியா?"

"கட்டு சரி சார்!" என்று கத்தினேன்.

சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. இரண்டாவது சுற்றில் மண்ணைக் கவ்வியது. வண்டி உறுமிக்கொண்டு கரைமேல் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

தஞ்சாவூருக்குள் நுழைந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பவேண்டிய வண்டி நேராகப் போயிற்று. "சார், ரூட் இது இல்ல!" என்றேன்.

"பாசஞ்சர்னா ஸ்டாண்டுல எறக்கி விட்டாப் போதும், அப்புறம் அவன் பாடு. சரக்குன்னா சேரவேண்டிய இடத்துல சேத்துட்டுத்தான் வரணும்" என்றார். பஸ் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றது. உள்ளே, "செல்லம்மாள்! செல்லம்மாள்!" என்று டவாலி போட்ட சேவகன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சேறும் சகதியுமாக அவள் ஓடினாள். பின்னாலேயே டகோட்டாவும் போய் அங்கிருந்த குமாஸ்தாவிடம், "நாப்பத்திரண்டு கிலோ, சேதாரம் இல்லாம ஒப்படைச்சாச்சு. கையெழுத்துப் போடுங்க" என்றார். குமாஸ்தா தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அவரைப் பார்த்தார். பழக்கதோஷம், வேறென்ன.

உள்ளே மிராசுதாரின் வக்கீல், "இந்த அம்மாள் கூலி ஆள்" என்று ஆரம்பித்தபோது தோழரும் கிளைச் செயலாளரும் ஒன்றாக எழுந்து, பஸ்ஸில் கேட்டதைச் சொன்னார்கள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்களா?" என்று தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம். அந்தச் சம்பா அறுவடைக்கு முன்னால் செல்லம்மாவின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

விசாரணை நடக்கும்போது நானும் டகோட்டாவும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்ன சார், குளிருதா?"

"இல்லடா. ஒரு தடவை பாசஞ்சர் பிளேன் ஓட்டுனேன்ல, அப்புறம் அவங்க என்னைத் திருப்பி அனுப்பல. நானே கார்கோவுக்குக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனேன். அன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணு ஏறும்போது எங்கிட்ட வந்து அதும் பேரைச் சொல்லிச்சு. அவ்வளவுதான். வழி பூரா கை நடுக்கம். அதான் சர்ருன்னு எறக்கிட்டேன். பேரு தெரிஞ்சாப் பயம் வந்துருது. மூட்டைக்குப் பேரு இல்ல பாரு." கொஞ்சம் நிறுத்தி, "அங்க உள்ள இருந்து அந்தச் சேவகன் செல்லம்மான்னு பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தானே, எல்லாம் அதனாலதான்" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முதலாளி காத்துக்கொண்டிருந்தார். ரூட் மாறி ஓட்டியது, மிராசுதார் புகார், எல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது. கண் கலங்கத்தான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். அந்த ட்ரிப்போடு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். டகோட்டா தலையாட்டிவிட்டு, பஸ்ஸை எப்போதும்போல மூன்று சுற்று சுற்றி வந்தார்.

செல்லம்மா ஏறினாள். முன்சீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள்.

"செல்லம்மா, உக்காருங்க" என்றார் டகோட்டா.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் அதோடு நிற்கவில்லை. எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம். இது உங்க கேப்டன் பேசுறேன்" என்றார். அடுத்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஆறு வரும். தண்ணி நிறையப் போவுது. ஜாக்கிரதையாக் கொண்டுபோய்ச் சேர்க்குறேன்" என்று முடித்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். "கட்டு சரியா?" என்று அவர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா முந்திக்கொண்டு, "கட்டு சரிங்க ஐயா" என்றாள்.

அதற்கப்புறம் அவர் ஒரத்தநாட்டுப் பக்கம் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. கதை எழுத ஆரம்பித்த பிறகு, மேடைப் பேச்சுக்கும் விழாவுக்கும் என்று இப்போது எனக்கும் விமானத்தில் போக வாய்க்கிறது. கேப்டன் மைக்கில் இனிக்க இனிக்கப் பேசுவார், மேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பார். எனக்கு மனசு ஒட்டுவதே இல்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைய அம்பத்தொண்ணு இன்று எண்பத்தாறு கிலோ. டகோட்டா இருந்தால் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்சீட்டுக்குத்தான் அனுப்புவார். அவர் ஓட்டுகிறார் என்றால் போதும், பள்ளத்துக்குப் பள்ளம் அங்கேயே குதித்துக்கொண்டு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் நான் போவேன்.